மாட்டு டாக்டரம்மா பதில்கள்: சுட்ட கொம்பு, சாயக் குஞ்சு, ஒளிரும் மீன்

(கொங்குப் பகுதியில் அரசுக் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கும் நம் டாக்டரம்மா, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பொள்ளாச்சி பக்கம் பால் பண்ணை வைத்திருக்கும் வாசகர்: அமெரிக்காவில் மரபணுவைத் திருத்திக் கொம்பே முளைக்காத மாட்டை உருவாக்கினார்களாம். கடவுள் கொடுத்த கொம்பைப் பிடுங்க நாம் யார்? இது பாவமில்லையா?

ஐயா, உங்கள் பண்ணையில் நிற்பது ஹெச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் கொம்பு இப்போது எங்கே?

சுட்டிருப்பீர்கள். கன்று பிறந்து இரண்டு மூன்று வாரம் ஆனதும் தலையைத் தடவிப் பார்த்தால் ஒரு சின்ன மொட்டு கைக்குத் தட்டுப்படும். அந்த இடத்து முடியைக் கத்தரித்துவிட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பை மொட்டின் மேல் வைத்து ஒரு சுற்று சுற்றுவோம். முடி கருகிய வாடை தொழுவத்தை விட்டு லேசில் போகாது. கண்ணோரத்திலிருந்து கொம்புக்குப் போகும் நரம்பில் மரப்பு ஊசி போட்டு, அது பிடிக்கும் வரை சில நிமிடம் பொறுத்துக்கொண்டால் கன்று அவ்வளவாகத் துடிக்காது. அந்தச் சில நிமிடம்தான் பல பண்ணைகளில் கிடைப்பதில்லை. “ஊசி எதுக்குங்க டாக்டரம்மா, ரெண்டு பேர் அமுக்கிப் புடிச்சா முடிஞ்சுது” என்பார்கள். சூடு வைத்து விட்டதும் கன்று தலையை உதறிக்கொண்டே, காதை ஆட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி வரும். தாய்ப்பாலுக்குக்கூட உடனே போகாது.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, எதெல்லாம் கொடுமை என்று நீளமாகப் பட்டியல் போட்டுவிட்டு, கொம்பு நீக்குவது, காயடிப்பது, சூட்டுக்குறி போடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது எல்லாவற்றையும் விதிப்படி செய்தால் குற்றமில்லை என்று விலக்கி வைக்கிறது.

இனி அமெரிக்க மாட்டுக்கு வருவோம். ஆங்கஸ் போன்ற சில இனங்களுக்கு இயற்கையாகவே கொம்பு கிடையாது. அப்படிப்பட்ட இனங்களில் இருக்கும் ஒரு சிறு மாற்றத்தை ஹோல்ஸ்டீன் செல்லுக்குள் புகுத்தி, 2015-ல் கொம்பில்லாத காளைக் கன்றுகள் இரண்டைப் பிறக்க வைத்தார்கள். கன்றைச் சுட வேண்டாம் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அதில் எனக்குக் குறை இல்லை. குறை வேறு இடத்தில். 2019-ல் அந்த நாட்டின் உணவு மருந்து நிர்வாக விஞ்ஞானிகள் அந்தக் காளைகளின் மரபணுவை முழுதாகப் படித்துப் பார்த்தபோது, திருத்துவதற்குப் பயன்படுத்திய பாக்டீரியாத் துண்டும், ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்களும் மாட்டுக்குள்ளேயே தங்கியிருந்தன. உருவாக்கியவர்கள் அதைத் தேடிப் பார்க்கவில்லை. சுத்தமாக முடிந்தது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டார்களே, அதைத்தான் நான் தப்பு என்பேன்.

கடவுள் கொடுத்ததை மாற்றக் கூடாது என்றால் ஹெச்.எஃப் சினை ஊசியையே நாம் தொட்டிருக்கக் கூடாது. கொம்பில்லாத ஹோல்ஸ்டீன் காளைகளின் உறைவிந்து சாதாரண இனப்பெருக்க முறையிலேயே உலகச் சந்தையில் கிடைக்கிறது. மெதுவாகத்தான் பலன் தெரியும், ஆனால் யாரையும் பயமுறுத்தாது. அது வரும் வரை, அடுத்த கன்றுக்குச் சுடும்போது மரப்பு ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். போடாமல் சுடுகிறவர் டாக்டராகவே இருந்தாலும் விடாதீர்கள்.

மதுரை வாசகி: பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் 40 நாளில் வளர்க்கிறார்கள் என்று எங்கள் தெருவே சொல்கிறது. வயசுக்கு வரப்போகும் பெண் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் அம்மா. ஹார்மோன் ஊசி என்பது கட்டுக்கதை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் மற்றப் புரதம் மாதிரியே செரித்துப் போகும். ஊசியாகப் போட வேண்டும் என்றால் ஒவ்வொரு கோழிக்கும் திரும்பத் திரும்பப் போட வேண்டும். பல்லடம் பக்கம் ஒரு கொட்டகையில் ஐயாயிரம் கோழி இருக்கும். பார்த்துக்கொள்வது பெரும்பாலும் கணவன் மனைவி இரண்டே பேர். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் இவர்களுடையது, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. அவர்களுக்கு ஊசி போட நேரமும் கிடையாது, அந்த ஊசியை வாங்கினால் கட்டுப்படியும் ஆகாது. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பதைப் பார்த்தவர்கள் கிளப்பிவிட்ட கதையாக இருக்கலாம். அதையும் பெரும்பாலும் கண்ணில் சொட்டாகவோ குடிதண்ணீரிலோதான் கொடுப்பார்கள்.

அப்படியானால் எப்படி இவ்வளவு வேகம்? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். 1957-ஆம் ஆண்டு இனக் கோழி, 1978-ஆம் ஆண்டு இனக் கோழி, 2005-ஆம் ஆண்டின் கம்பெனிக் கோழி மூன்றையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ஆம் நாள் எடை: முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். 2014-ல் வெளியான கணக்கு இது. தீவனம் ஒன்றேதான் என்றால் வித்தியாசம் கோழிக்குள்ளேதானே இருக்க வேண்டும்? வேகமாக வளர்வதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்ததன் பலன். மரபணுவை வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை.

உண்மையில் கோபப்பட வேண்டியது இங்கேதான். ஹார்மோன் கதை நம் பயத்தைச் சாப்பிடுகிறவர் பக்கமே திருப்பி வைத்திருக்கிறது. கோழியின் பாட்டை யாரும் கேட்பதில்லை. கறி வேகமாக ஏறுகிறது, காலும் இதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. ஐந்தாவது வாரத்தில் கொட்டகைக்குள் நடந்து போனால் பெரும்பாலான கோழிகள் எழுந்து விலகாது, உட்கார்ந்த இடத்திலேயே தள்ளி உட்காரும். சில திடீரென்று மல்லாந்து விழுந்து செத்துக் கிடக்கும். வயிற்றில் நீர் கோத்துச் சாவதும் உண்டு. சித்திரை வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு மின்விசிறி நின்றுபோனால் அந்தக் குடும்பத்தின் கூலி அன்றைக்கே போச்சு.

இதைவிட மோசம், இந்தக் குஞ்சுகளின் தாய் தகப்பன் கோழிகளின் நிலைமை. அவையும் இதே இரத்தம்தான். வயிறாரத் தின்னவிட்டால் எடை கூடி முட்டையும் வைக்காது, இணையும் சேராது. ஆகவே ஆயுசு பூராவும் அளந்துதான் தீவனம். சில நாடுகளில் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார்கள். நல்ல பசி உள்ள பிராணியை உருவாக்கிவிட்டு அதைப் பட்டினி போட்டு வளர்ப்பதற்கு என்ன நியாயம் சொல்வது என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. நெதர்லாந்தில் சூப்பர்மார்க்கெட்டுகள் மெதுவாக வளரும் கோழிக்கு மாறியிருக்கின்றன. விலை கூடத்தான் செய்தது. ஆனாலும் வாங்குகிறார்கள்.

குழந்தையின் உடம்புக்குப் பயந்தால் ஆன்டிபயாடிக்கைப் பற்றிக் கேளுங்கள். மனிதனுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை செய்தது.

அதே வாசகி இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: நீங்கள் கோழி சாப்பிடுவீர்களா?

சாப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் இல்லை. மருமகன் வாங்கி வருகிற அன்றைக்கு.

ஈரோட்டிலிருந்து பள்ளி மாணவி ஒருவர்: திருவிழாக் கடையில் பச்சை, ரோஸ் கலர் கோழிக்குஞ்சு வாங்கினோம். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம். மூன்றே நாளில் இரண்டும் செத்துவிட்டன. ஏன் ஆன்ட்டி?

கண்ணு, உன் மேல் தப்பில்லை. முதல் வாரம் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும். தாய்க்கோழி இருந்தால் இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும், பண்ணையில் பல்பு போடுவார்கள். திருவிழாக் கடையின் அட்டைப் பெட்டியில் இரண்டுமே கிடையாது. சாயத்தில் நனைத்துக் காயவைத்த குஞ்சு வரும்போதே பாதி உயிரோடுதான் வந்திருக்கும்.

அந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ பெரிய பெண்தான். முட்டைக்கோழி இனத்தில் சேவலுக்கு வேலை இல்லை. முட்டை போடாது, கறிக்கோழி மாதிரி சதையும் வைக்காது. ஆகவே பொரித்த அன்றே ஆண், பெண் பிரித்து, பெண் குஞ்சுகளைப் பண்ணைக்கு அனுப்புவார்கள். ஆண் குஞ்சுகளை அன்றே கொன்றுவிடுவார்கள், அல்லது மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளியதில் பல, சாயம் பூசிக்கொண்டு திருவிழாவுக்கு வந்துவிடும். உலகம் பூராவும் வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் இப்படிப் போகிறது.

ஜெர்மனியில் 2022 ஜனவரி 1 முதல் ஆண் குஞ்சுகளைக் கொல்வதற்குத் தடை. அங்கே முட்டை பொரியும் முன்பே உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். சில பண்ணைகளில் சேவல்களையும் சேர்த்து வளர்த்து, அந்தச் செலவை முட்டை விலையில் ஏற்றுகிறார்கள். இஸ்ரேலின் வோல்கானி ஆய்வு மையத்தில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். தாய்க்கோழியின் மரபணுவைத் திருத்தி, அது இடும் முட்டைகளின் மேல் சில மணி நேரம் நீல வெளிச்சம் பட்டால் ஆண் கரு மட்டும் வளராமல் நின்றுவிடும்படி செய்தார்கள். 2022 கடைசியில் அறிவித்தார்கள். மரபணு மாற்றம் என்றாலே முகம் சுளிக்கிற பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பார். ஒருநாள் வயதுக் குஞ்சை அரைவை எந்திரத்தில் போடுவது அவர்களுக்குச் சம்மதமா என்றும் கேள். அடுத்த திருவிழாவில் ராட்டினத்துக்குக் காசைச் செலவழி.

கும்பகோணம் விவசாயி: புது நெல் ரகங்கள் மரபணு திருத்தியவை என்கிறார்கள், மரபணு மாற்றியவை இல்லை என்கிறார்கள். விவசாயியை ஏமாற்றும் வேலையா?

நான் மாட்டு டாக்டர். ஆனாலும் வைக்கோல் என் மாட்டுக்குத்தானே வருகிறது, சொல்கிறேன். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த இரண்டு ரகங்களில் ஒன்று கமலா. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிலையம், நாம் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் பி.பி.டி. 5204-லிருந்து எடுத்தது. இன்னொன்று டெல்லியில் எம்.டி.யு. 1010-லிருந்து எடுத்த பூசா டி.எஸ்.டி. ரகம். பி.டி. பருத்தியில் ஒரு பாக்டீரியாவின் மரபணு உள்ளே இருக்கிறது. இவற்றில் வெளி மரபணு எதுவும் இல்லை, நெல்லின் சொந்த மரபணுவிலேயே ஒரு இடத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அந்த அளவுக்குச் சொல்வது உண்மைதான்.

நான் கேட்பேன் என்றால் வேறு கேட்பேன். 2022 மார்ச்சில் இந்த வகைத் திருத்தங்களைப் பழைய கடும் விதிகளிலிருந்து மத்திய அரசு விலக்கிவிட்டது. 2010-ல் பி.டி. கத்திரிக்காயை நிறுத்தி வைப்பதற்கு முன் ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கேட்டார்கள். அதை உருவாக்கியதில் நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்காளி, ஆனால் அந்த ஏழில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றும் இல்லை! இப்போது அந்த அளவு கூட்டமும் இல்லை. திருத்தும் கருவியின் காப்புரிமை வெளிநாட்டில் இருக்கிறது. நாளைக்கு விதையை எடுத்து வைத்து விதைத்தால் யாராவது வந்து கேட்பார்களா, மூட்டையில் இது திருத்திய ரகம் என்று எழுதுவார்களா? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்கிவிட்டு விதையுங்கள்.

தாராபுரம் வாசகி: கிடேரிக் கன்று மட்டும் பிறக்கும் சினை ஊசி போடலாம் என்கிறார்கள். நம் ஊரில் பெண் சிசுவைக் கொன்றது போலத்தானே இதுவும்?

இல்லை. இங்கே யாரையும் கொல்லவில்லை, கரு உண்டாகும் முன்பே பிரித்துவிடுகிறார்கள். பெண் கன்று தரும் விந்தணுவில் டி.என்.ஏ. சுமார் 4 சதவீதம் கூடுதல். சாயம் ஏற்றி, எந்திரத்தில் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பிரிப்பார்கள். பத்துக்கு ஒன்பது கிடேரி.

கலப்பின மாட்டில் காளைக் கன்று பிறந்தால் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. பால் பூராவும் சொசைட்டிக்குப் போகிறது. கன்றுக்கு ஒரு காம்பு கூட முழுசாகக் கிடைக்காது. கழிச்சல் வந்தால் காட்ட மாட்டார்கள். ஒரு மாதத்தில் எலும்பும் தோலும்தான். அப்புறம் அந்தத் தோலில் வைக்கோலை அடைத்துத் தாய்க்கு முன்னால் நிறுத்திப் பால் கறப்பது. இதற்குப் பிறக்காமலே இருப்பது மேல் என்பது என் கட்சி.

காங்கேயம், பர்கூர் மாட்டுக்கு மட்டும் வேண்டாம். அங்கே காளைக்கு மதிப்பு இருக்கிறது, இனவிருத்திக்குப் பல குடும்பத்துக் காளைகள் வேண்டும். நாலைந்து காளைகளின் விந்தே ஊர் முழுக்கச் சுற்றினால் அண்ணன் தங்கையைக் கட்டிவைத்த கதையாகிவிடும்.

சென்னை, விருகம்பாக்கம் வாசகர்: பையன் இருட்டில் ஒளிரும் மீன் கேட்டு அடம்பிடிக்கிறான். கடைக்காரர் அது ஜெல்லி மீனின் மரபணு வைத்தது என்கிறார். மீனுக்கு வலிக்குமா?

வலிக்காது. ஒளிர்வதால் அதற்குத் தொந்தரவு ஒன்றுமில்லை. 1999 வாக்கில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், தண்ணீர் மாசுபட்டால் காட்டிக்கொடுக்கும் மீனை உருவாக்கத்தான் வரிக்குதிரை மீனில் அந்த மரபணுவை வைத்தார்கள். அது 2003 கடைசியில் அமெரிக்காவில் அலங்கார மீனாகக் கடைக்கு வந்துவிட்டது. ஐரோப்பாவில் விற்க முடியாது. இந்தியாவிலும் மரபணு மாற்றிய உயிரை அனுமதி இல்லாமல் கொண்டுவரவோ வளர்க்கவோ விதிகள் இடம் தராது. ஆகவே கடைக்காரர் சொல்வது நிஜமானால் அவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

இதில் எனக்குக் கவலை மீனைப் பற்றி இல்லை, ஏரியைப் பற்றி. வரிக்குதிரை மீன் நம் நாட்டு ஓடைகளின் மீன்தான். பையனுக்கு அலுத்துப்போன அன்றைக்கு நீங்கள் வாளியோடு போரூர் ஏரிக்குப் போவீர்கள், கொன்றுவிட மனசு வராது. நல்ல மனசுதான், ஆனால் அதைவிடக் கெட்ட காரியம் இல்லை. பிரேசிலின் ஓடைகளில் இந்த ஒளிரும் மீன்கள் தப்பிப்போய்க் குஞ்சு பொரித்துக்கொண்டிருப்பதை 2022-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அங்கே அது அந்நிய மீன். இங்கே சொந்தக்காரர்கள் ஓடையிலேயே இருக்கிறார்கள், கலந்துவிடும். மரபணு மாற்றாத மீனே போதுமான பாடம் நடத்தியிருக்கிறது. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கிய டேங்க் கிளீனர் மீன், கருப்பாக முள்ளும் செதிலுமாக, இப்போது சென்னை ஏரிகளில் வலையைக் கிழிக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000-லேயே தடை செய்தும் ஒழிந்தபாடில்லை.

வலி என்று பார்த்தால் வேறு ஒரு மீன் இருக்கிறது. கண்ணாடி மாதிரி உடம்புள்ள மீனுக்கு முதுகோரம் கோடாக ரோஸ், பச்சை நிறத்தில் வண்ணம் தெரியும். அது ஊசியால் உடம்புக்குள் ஏற்றிய சாயம். பல மீன்கள் அந்த ஊசியிலேயே சாகும், பிழைத்ததற்கும் சில மாதத்தில் நிறம் மங்கிவிடும். பையனுக்கு கப்பி வாங்கிக் கொடுங்கள். மாதம் ஒரு தடவை குட்டி போடும், ஒளிர்கிற மீன் மறந்துவிடும். அதையும் ஏரியில் விடாதீர்கள்.

புதுச்சேரி வாசகர்: டெங்குவைத் தடுக்க வோல்பாக்கியா என்ற கிருமி ஏற்றிய கொசுக்களை இங்கே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு எங்கள் தெருவில் விடுவார்கள். எங்களைக் கேட்க வேண்டாமா?

கேட்கத்தான் வேண்டும். முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். வோல்பாக்கியா என்பது பாதிக்கு மேற்பட்ட பூச்சி இனங்களில் இயற்கையாகவே குடியிருக்கும் பாக்டீரியா. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவில் இயற்கையாக அது கிடையாது. ஏற்றிவிட்டால் டெங்கு வைரஸ் அந்தக் கொசுவுக்குள் சரியாகப் பெருகாது. உங்கள் ஊரிலேயே உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கொசு ஆய்வு மையம், ஆஸ்திரேலியாவிலிருந்து முட்டை வாங்கி, நம் நாட்டுக் கொசுவோடு இணைசேர்த்து இரண்டு வகைகளை 2022-ல் தயார் செய்தது. கொசுவின் மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் விட்டுப் பார்த்தபோது டெங்கு 77 சதவீதம் குறைந்தது. 2021-ல் வெளியான முடிவு.

பலன் இவ்வளவு இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும் என்பார்கள். தடுப்பூசி வேண்டாம் என்றால் கையை மடக்கிக்கொள்ளலாம். கொசு உங்கள் வீட்டுக் கதவில் ஒட்டிய நோட்டீஸைப் படிக்காது. அடுத்த தெரு ஒத்துக்கொண்டால் உங்களுக்கும் சேர்த்துத்தான். ஆகவே ஒவ்வொருவரின் கையெழுத்தும் வாங்குவது நடக்காத காரியம். வார்டுக் கூட்டம், குடியிருப்போர் சங்கம், அரசு ஆஸ்பத்திரி டாக்டர் முன்னிலையில் கேள்வி பதில் என்று ஊராகக் கேட்பதுதான் வழி.

கேட்காமல் செய்ததன் விலை இந்த நாட்டுக்குத் தெரியும். 1970 வாக்கில் உலக சுகாதார நிறுவனமும் நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து டெல்லியில் கொசு மரபியல் ஆய்வுப் பிரிவு தொடங்கின. மலட்டுக் கொசுக்களைக் கிராமங்களில் விட்டுப் பார்த்தார்கள். மக்களுக்கு விவரமாகச் சொல்லவில்லை, பணத்தில் அமெரிக்கக் கை இருந்தது. இது கிருமிப் போருக்கு ஒத்திகை என்று பத்திரிகைகள் எழுதின, நாடாளுமன்றம் வரை போனது. சோனிபட்டில் கொசு விடுவதற்கு எல்லாம் தயாராக இருந்த நேரத்தில் 1975-ல் இழுத்து மூடினார்கள். ஒத்திகை என்பதற்கு ஆதாரம் ஒன்றும் வரவில்லை. ஆனால் சந்தேகத்தை மருந்து தெளித்துப் போக்க முடியாதே.

கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ஆண் கொசுவை மட்டும் விடுவார்களா, பெண்ணையும் சேர்த்தா? சிங்கப்பூரில் 2016-லிருந்து ஆணை மட்டும் விடுகிறார்கள். அது கடிக்காது, அதோடு சேர்ந்த பெண்ணின் முட்டை பொரியாது. விடுவதை நிறுத்தினால் கொஞ்ச நாளில் பழைய நிலைமை வந்துவிடும். யோக்யகர்த்தாவில் பெண்ணும் உண்டு. தாய் வழியாகக் கிருமி தலைமுறை தலைமுறையாகப் பரவி நிலைத்துவிடும். செலவு குறைவு, பலன் நீண்ட காலம், ஆனால் திரும்ப எடுக்க முடியாது. திரும்ப எடுக்க முடியாததற்குச் சம்மதம் கேட்கும்போது இன்னும் கூடுதலாகக் கேட்க வேண்டும். எனக்கு ஓட்டு இருந்தால் ஆதரித்துத்தான் போடுவேன். டெங்குவில் தட்டணு குறைந்த குழந்தையை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீடுகளை ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறோம். கொசுவின் உரிமையைப் பற்றி யாரும் எனக்கு எழுதவில்லை, எழுதினாலும் பதில் போட மாட்டேன்.

சென்னை, பெருங்குடியில் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர்: எங்கள் வளாகத்தில் ஒரு அம்மா தினமும் தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறார். நாய்கள் குழந்தைகளைத் துரத்துகின்றன. பிடித்துக்கொண்டு போய் எங்கேயாவது விட்டால் என்ன? யார் பக்கம் நியாயம்?

எங்கேயாவது என்றால் எங்கே சார்? இன்னொரு சங்கத்தின் வாசலில்தானே.

கொன்றுவிடலாம் என்பதையும் இந்த ஊர் முயன்று பார்த்துவிட்டது. 1996 வரை இங்கே பிடித்த நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். பல பத்தாண்டுகள் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை. இடமும் எச்சில் சோறும் இருக்கும் வரை, காலியான தெருவுக்கு அடுத்த தெரு நாய் வரும், வந்து குட்டி போடும். அதன் பிறகுதான் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறை வந்தது. 2001-லும் 2023-லும் விதிகள் வந்தன. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, 22-ஆம் தேதி அதைத் திருத்தியது. ஊசி போட்டுத் திரும்ப விடலாம், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது, கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றது. நவம்பர் 7-ல் பள்ளி, ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்ததை அங்கேயே விடக் கூடாது என்றும் சொன்னது.

நாய் பெருகியதில் என் தொழிலுக்கும் ஒரு பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்குக் காய்ச்சல், நொண்டல், மடிவீக்கம் என்றால் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து போடுவது 1990-களில் வழக்கம். மலிவான மருந்து, மாலைக்குள் மாடு எழுந்துவிடும். மருந்து உடம்பில் இருக்கும்போதே அப்படிப்பட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பாறு எனும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 2004-ல்தான் காரணம் தெரிந்தது, 2006-ல் கால்நடைக்குத் தடை வந்தது. அதற்குள் பாறுக் கழுகுகளில் 95 சதவீதத்துக்கு மேல் போய்விட்டன. தமிழ்நாட்டில் இப்போது மாயாறு பக்கம் போனால்தான் பார்க்கலாம். கழுகுகள் ஒரு மணி நேரத்தில் காலி செய்த பிணம், ஊரோரத்தில் நாள் கணக்கில் நாய்க்குக் கிடந்தது. அந்தக் காலத்தில் மருந்து போட்டவர்கள் யாரும் கழுகை நினைத்துப் போடவில்லை. நகரத்தில் அந்தப் பிணத்தின் இடத்தைக் கோழிக்கடைக் கழிவு பிடித்துக்கொண்டது. உங்கள் தெருமுனையில் ராத்திரி பதினோரு மணிக்குப் பாலித்தீன் பையில் வந்து விழுவதைப் பாருங்கள். அந்த அம்மா வைக்கும் தயிர்சாதத்தைவிட நாய்க்கு அதுதான் பெரிய சாப்பாடு.

யார் பக்கம் நியாயம் என்றால், இரண்டு பக்கமும் பாதிப் பாதி வேலை செய்கிறீர்கள். நாய்க்குச் சோறு வைத்துவிட்டுக் கருத்தடைக்குப் பிடித்துக் கொடுக்காமல் ஒளித்து வைப்பதை நான் ஜீவகாருண்யம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த வருஷம் அடிபட்டுச் சாகப்போகும் ஆறு குட்டிகளுக்கு அவர்தான் பொறுப்பு. நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. 2023 விதிப்படி சோறு வைக்கும் இடத்தைப் பேசி முடிவு செய்வது சங்கத்தின் கடமை. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் மாடிப்படிக்கும் வாசலுக்கும் தள்ளி, குழந்தைகள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வளாகத்தை ஒரு சுற்று வாருங்கள். காது நுனியில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய். வெட்டு இல்லாததைக் கணக்கெடுத்து மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். பிடிக்க வரும்போது அந்த அம்மாவே முன்னால் நிற்க வேண்டும், அவர் கூப்பிட்டால்தான் வலை இல்லாமல் வரும். கோழிக்கடைக்காரரிடம் நீங்கள் பேசுங்கள்.

கடித்துவிட்டால் சண்டை அப்புறம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே ஊசி. தோலில் போடும் முறையானால் பிறகு 3, 7, 28-ஆம் நாள், தசையில் போட்டால் 14-ஆம் நாளும் உண்டு. ரத்தம் வந்திருந்தால் வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். வீட்டு நாய், குட்டி நாய் என்று விட்டுவிடாதீர்கள். வெறிநோய் வெளியே தெரிந்த பிறகு மருந்து கிடையாது.

திருநெல்வேலி வாசகர்: பக், ஹஸ்கி எல்லாம் வளர்ப்பது கொடுமை, நம் நாட்டு நாய்தான் நல்லது என்று வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்கப்போகிறேன். சரிதானே?

ஹஸ்கியைத் திருநெல்வேலி வெயிலில் கட்டிப்போடாததற்கு நன்றி. பக் நாய் தூங்கும்போது குறட்டை விடுவதை வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள், அது மூச்சு விட முடியாமல் போராடுகிற சத்தம். முகம் சப்பையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியதில் வந்த வினை.

ஆனால் நாட்டு நாய் என்றாலே பழுதில்லை என்று எண்ண வேண்டாம். ராஜபாளையத்தில் பால் வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும்தான் அழகு என்று பொறுக்கியதும் மனிதன்தான். அந்த வெள்ளையோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்குச் சேர்ந்து வருகிறது. விற்கிறவர் சொல்ல மாட்டார். மற்றக் குட்டிகளோடு இருக்கும்போது செவிட்டுக் குட்டியும் அவற்றைப் பார்த்து ஓடும், கண்டுபிடிக்க முடியாது. தனியாக எடுத்து, அது தூங்கும்போது பின்பக்கம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்ட வேண்டாம், காற்றும் அதிர்வும் பட்டு எழுந்துவிடும். காது அசையவில்லை என்றால் செவிடு. அதற்காக அந்தக் குட்டியை வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை, கைச் சைகைக்குப் பழக்கினால் நன்றாகவே வளரும். அதன் தாய் தகப்பனை மறுபடி சேர்க்க வேண்டாம் என்று மட்டும் விற்றவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.